முதுமையை அளந்த அரை நூற்றாண்டு: சகலவாராவிலிருந்து சீனிவாசபுரம் வரை

முன்னுரை

பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடியில் தமிழக எல்லையைத் தொட்டுக் கிடப்பது ஆனேக்கல் தாலுகா. அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். பட்டுத் தறிகளும் கேழ்வரகு வயல்களும் இருந்த இந்த மண்ணில் இன்று பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகளும் எலெக்ட்ரானிக் சிட்டியை ஒட்டிய அடுக்ககங்களும் நிற்கின்றன. இந்தியாவின் உளநல மருத்துவம் மருத்துவமனைச் சுவரைக் கடந்து கிராமத்துக்குள் நுழைந்த தொடக்க இடங்களுள் ஒன்றும் இங்குதான் இருக்கிறது. பன்னேர்கட்டா சாலையை ஒட்டிய சகலவாரா என்னும் ஊரே அது.

தென்னிந்தியாவில் முதுமை மறதிநோய் குறித்த ஆய்வு கடந்த ஐம்பதாண்டுகளில் எவ்வாறு உருமாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்தியாவில் மறதிநோய் அரிது என்று 1990களில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. இன்றைய ஆய்வுகள் அது பரவலாக இருப்பதாகக் காட்டுகின்றன. இந்த மாற்றத்தின் பெரும்பகுதி நோயில் நிகழ்ந்ததன்று, அளவுகோலில் நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். இரத்தப் பரிசோதனை வழியாக மூளையின் நிலையை அறியும் காலம் நெருங்கும் இவ்வேளையில் அந்த வரலாற்றுக்குப் புதிய பொருத்தம் உண்டாகியிருக்கிறது.

1. சகலவாரா: முதியோர் கண்ணில் படாத காலம்

மைசூர் அரசு மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிறுவனமும் இணைந்து 1974 டிசம்பரில் நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பறிவியல் நிறுவனம் உருவானது. மறு ஆண்டே ஆர். எல். கபூர் தலைமையில் அங்கே சமூக உளநலப் பிரிவு தொடங்கியது. அதன் களமாகச் சகலவாராவில் ஊரக உளநல மையம் அமைந்தது. உளநோய் வல்லுநர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த நாட்டில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களையும் களப் பணியாளர்களையும் பயிற்றுவித்தால் கிராமத்திலேயே நோயைக் கண்டறிந்து மருந்து கொடுக்க முடியுமா என்பதே அந்த மையம் எடுத்துக்கொண்ட கேள்வி. முடியும் என்ற விடை 1985இல் பெல்லாரி மாவட்ட முன்னோடித் திட்டமாகவும், 1996இல் தேசிய அளவில் மாவட்ட மனநலத் திட்டமாகவும் வளர்ந்தது.

தொடக்ககாலப் பயிற்சியின் மையத்தில் இருந்தவை மனச்சிதைவு போன்ற கடும் உளநோய்கள், வலிப்பு, அறிவுத்திறன் குறைபாடு ஆகியன. மறதிநோய் அதில் முதன்மை பெறவில்லை. 1970-75 காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 49.7 ஆண்டுதான். எழுபதைத் தாண்டியவர் குறைவு. அவர்களிலும் பேர் மறந்து, வழி மறந்து போவோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை. வயதானால் அப்படித்தான் என்று வீடு அதை ஏற்றுக்கொண்டது.

இது இந்தியக் கிராமங்களுக்கு மட்டும் உரிய பார்வையன்று. ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் விவரித்த நோயாளி ஐம்பதுகளில் இருந்த பெண். அதனால் அது நடுவயதின் அபூர்வ நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1968இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் ஆகியோர் முதியோர் மூளைகளை இறப்புக்குப்பின் ஆராய்ந்து, மூளையில் படிந்த திட்டுகளின் எண்ணிக்கைக்கும் உயிரோடிருந்தபோது தெரிந்த மறதிக்கும் தொடர்புண்டு என்று காட்டினர். முதுமையின் இயல்பு எனப்பட்டதன் ஒரு பகுதி நோய் என்ற எண்ணம் மேற்கிலேயே அதன் பின்னர்தான் வேர்பிடித்தது.

2. பல்லப்கரும் வேலூரும்: கருவி மாறியபோது எண் மாறியது

1975இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோல்ஸ்டைன் தேர்வு, உலகெங்கும் அறிதிறனைச் சோதிக்கும் பொதுக் கருவியாயிற்று. அதில் ஒரு வாக்கியத்தைப் படித்து அதன்படி செய்ய வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஓர் உருவத்தைப் பார்த்து வரைய வேண்டும். பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டிக்கு இதைக் கொடுத்தால் அவருடைய கல்வியைத்தான் அளக்க முடியும், மூளையை அளக்க முடியாது.

ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த இந்திய–அமெரிக்கக் கூட்டாய்வு இந்தச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. மேரி கங்குலி, விஜய் சந்திரா உள்ளிட்ட குழுவினர் 1990களில் தேர்வைப் புதிதாக வடிவமைத்தனர். மணி கேட்பதற்குப் பதில் காலையா, மாலையா என்று கேட்டனர். வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். 55 வயதுக்கு மேற்பட்ட 5,126 பேரை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவில், 65 வயதைக் கடந்தோரில் மறதிநோய் 1.36 விழுக்காடு மட்டுமே என்றனர். ஆய்வுக்கு உட்பட்டோரில் நான்கில் மூவர் எழுத்தறிவற்றவர். 2001இல் வந்த தொடராய்வில், அதே வயதினரில் புதிதாக அல்சைமர் தோன்றும் விகிதம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 4.7 என்றும், ஒப்பீட்டுக்கு எடுத்த பென்சில்வேனியப் பகுதியில் அது 17.5 என்றும் கண்டனர்.

இந்தியர் மூளைக்கு ஏதோ காப்பு இருக்கிறது என்ற நம்பிக்கைக்கு இந்த எண்கள் உரமிட்டன. மரபணுவில் ஒரு பகுதி விளக்கம் கிடைத்தது. அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் அபோஇ-4 வடிவம் பல்லப்கரில் 7 விழுக்காடும் பென்சில்வேனியாவில் 11 விழுக்காடும் இருந்தது. ஆனால் நான்கு மடங்கு இடைவெளியை இந்த வேறுபாடு ஒன்றால் நிரப்ப இயலாது.

மறுபக்க விடை தமிழகத்திலிருந்தும் வந்தது. 1998இல் கொச்சியில் கூடிய அறிஞர்கள் 10/66 மறதிநோய் ஆய்வுக் குழுவைத் தொடங்கினர். மறதிநோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், மக்கள்தொகை ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை என்பதைச் சுட்டுவது அப்பெயர். மார்ட்டின் பிரின்ஸ் ஒருங்கிணைத்த இக்குழுவுக்கு இந்தியாவில் இரு களங்கள்: நகர்ப்புறத்துக்குச் சென்னை, நாட்டுப்புறத்துக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பணியாற்றிய கிராமங்கள். 2008இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவுகள் வியப்பளிப்பவை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்–4 வரையறையின்படி இந்திய நாட்டுப்புறக் களத்தில் மறதிநோய் 0.3 விழுக்காடு, கியூபாவில் 6.3. எழுத்தறிவையும் பண்பாட்டையும் கணக்கிலெடுத்து 10/66 குழு வகுத்த வரையறையைப் பயன்படுத்தியபோது, எல்லா நாட்டுக் களங்களும் 5.6 முதல் 11.7 விழுக்காட்டுக்குள் நெருங்கி வந்தன.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் டிஎஸ்எம் வரையறையில் இருந்த ஒரு நிபந்தனை. நினைவு குறைந்தால் போதாது. தொழிலோ சமூக வாழ்வோ பாதிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். களத்தில் அதை உடனிருப்போர் சொல்லித்தான் அறிய முடியும். கூட்டுக் குடும்பத்தில் முதியவரின் பொறுப்புகள் ஏற்கனவே மகனுக்கும் மருமகளுக்கும் கைமாறியிருக்கும். கணக்கு வழக்கோ சமையலோ அவர் கையில் இல்லாதபோது அவர் எதில் தவறுவார்? வீட்டார் தவறேதும் சொல்லாததால் நோயும் பதிவாகவில்லை.

இந்தப் பாடத்தை உள்வாங்கிய பெரிய முயற்சி எல்.ஏ.எஸ்.ஐ–டாட். ஜின்கூக் லீ, ஏ. பி. டே ஆகியோர் முன்னின்று நடத்திய இந்த ஆய்வில் நிம்ஹான்ஸும் பங்கேற்றது. 60 வயது கடந்த 4,096 பேரை நாடு முழுவதும் நேரில் சோதித்தனர். 2023இல் வெளியான மதிப்பீடு 7.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் இந்தியர். பெண்களில் 9.0, ஆண்களில் 5.8; கிராமத்தில் 8.4, நகரத்தில் 5.3. பல்லப்கர் எண்ணோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்குக்கும் மேல். நீரிழிவும் ஆயுளும் கூடியதற்கு இதில் பங்கு இருக்கலாம். ஆனால் 2008இன் வேலூர்ப் பாடம், இடைவெளியின் பெரும்பகுதி கருவியில் பிறந்தது என்று கருதவே இடம்தருகிறது.

3. மொழிகளின் நடுவே ஒரு மூளை

கல்வியைப் போலவே மொழியும் அளவீட்டைக் குலைக்கிறது. சுவர்ணா அல்லாடி ஹைதராபாத்தில் பணியாற்றியபோது 648 மறதிநோயாளரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை, இருமொழி பேசுவோருக்கு நோய் சராசரியாக 4.5 ஆண்டு தாமதமாகத் தோன்றியதாகக் காட்டியது. எழுத்தறிவற்றோரிடமும் இந்தத் தாமதம் இருந்தது. எனவே இது பள்ளிக் கல்வியின் விளைவு என்று ஒதுக்க முடியாது. ஒரு மொழியை அடக்கி இன்னொன்றை எடுக்கும் இடைவிடாப் பயிற்சி மூளைக்குச் சேமிப்பாக அமைகிறது என்பது அவர்களின் விளக்கம். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் கொண்ட ஆய்வு இது. ஆண்டுக்கணக்கில் மக்களைத் தொடர்ந்த பிற நாட்டு ஆய்வுகள் பலவற்றில் அத்தகைய காப்பு தெளிவாகத் தென்படவில்லை. விவாதம் முடியவில்லை.

கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது ஆகியவை ஒரே தெருவில் கலந்து ஒலிக்கும் ஆனேக்கல் போன்ற ஊரில் இந்தக் கேள்விக்கு விடை தேடுவது இயல்பு. ஆனால் எந்த மொழியில் சோதிப்பது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் உருவாகி, முத்ரா என்று அறியப்படும் அறிதிறன் சோதனைத் தொகுப்பு இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் முதலில் வந்தது. அந்த ஐந்தில் தமிழ் இல்லை. எல்லைப்புறத்தில் தமிழை வீட்டிலும் கன்னடத்தைச் சந்தையிலும் பேசி முதுமையடைந்தவரை எந்த மொழியின் அளவுகோலில் நிறுத்துவது என்பது இன்னும் நடைமுறைச் சிக்கலே.

4. உயிரியல் அளவுகோல்

மொழியும் கல்வியும் குறுக்கிடாத அளவுகோல் வேண்டுமானால் உயிரணுவிடம் போக வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெறுகிறது. 1961இல் லியோனார்ட் ஹேஃப்ளிக், மனித உயிரணுக்கள் குறிப்பிட்ட முறை பிரிந்தபின் நின்றுவிடும் என்று காட்டினார். 1984இல் கிளென்னரும் வாங்கும் அல்சைமர் நோயாளரின் இரத்தக்குழாய்ப் படிவிலிருந்து, மூளைத் திட்டுகளிலும் உள்ள அமைலாய்டு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். 2013இல் முதுமை, மறதிநோய் என்ற இரு திசை ஆய்வுகளும் நெருங்கின. கார்லோஸ் லோபஸ்–ஓட்டின் குழு முதுமையின் ஒன்பது அடையாளங்களை வகுத்தது. ஸ்டீவ் ஹார்வத், டிஎன்ஏவின் 353 இடங்களில் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகளைக் கொண்டு உடலின் வயதைக் கணிக்கும் கடிகாரத்தை வெளியிட்டார். பிரியும் ஆற்றல் இழந்தும் சாகாமல் அழற்சியைக் கசியவிடும் முதிர்ந்த உயிரணுக்களை எலியின் மூளையிலிருந்து அகற்றினால், அல்சைமரின் மற்றோர் அடையாளமான டௌ புரதத்தின் சேதம் குறைவதாக 2018இல் தெரியவந்தது. மறதிநோய் தனி நோய் மட்டுமன்று, முதுமையின் பொதுப் பொறிமுறையிலிருந்து கிளைப்பது என்ற பார்வை இவ்வாறு உறுதிப்பட்டது.

இந்தியப் பங்களிப்பில் விஜயலட்சுமி ரவீந்திரநாத்தின் பணி குறிப்பிடத்தக்கது. நிம்ஹான்ஸில் பணிபுரிந்து, மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை நிறுவிப் பெங்களூருக்குத் திரும்பியவர் அவர். 2012இல் அவருடைய குழு, அசுவகந்தா வேர்ச்சாறு கொடுத்த எலிகளில் மூளையின் அமைலாய்டு குறைந்ததைக் கண்டது. அந்த மாற்றம் மூளையில் தொடங்கவில்லை. கல்லீரலில் எல்ஆர்பி என்னும் புரதம் கூடி இரத்தத்திலிருந்து அமைலாய்டை ஈர்த்ததே காரணம். 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், நோய்மாதிரி எலிகளில் திட்டுகள் தோன்றுமுன்பே, ஒரு மாத வயதிலேயே, நரம்பு இணைப்புகளைத் தாங்கும் ஆக்டின் இழைகள் சிதைவதைக் காட்டினர். மறதி வெளியே தெரிவதற்கு நெடுங்காலம் முன்பே சேதம் தொடங்குகிறது என்றால், மனிதரையும் நடுவயதிலேயே தொடர வேண்டும்.

அந்தத் தேவையின் விளைவே இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையத்தின் தொடராய்வுகள். கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் பிரதீக்ஷா அறக்கட்டளை இதற்கு 225 கோடி ரூபாய் ஒதுக்கியது. டாடா அறக்கட்டளைகளின் ஆதரவுடன் பெங்களூரு நகரில் ஆயிரம் பேரை இலக்காகக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. கோலார் மாவட்டச் சீனிவாசபுரம் தாலுகாவில் 45 வயது கடந்த 10,000 பேரைத் தொடர இலக்கு கொண்ட சான்ஸ்காக் ஆய்வு 2018 ஜனவரியில் தொடங்கியது. ஆஷா பணியாளர்கள் வழியே சேர்ந்த கிராமத்தவருக்கு இரத்தம், மரபணு, இதயம், செவித்திறன், பார்வை, நடை, எம்ஆர்ஐ, கணினிவழி அறிதிறன் தேர்வு எனப் பல பரிசோதனைகள் குறித்த இடைவெளியில் நடக்கின்றன. இதே மையம் ஒருங்கிணைத்த ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதியைப் படித்தது. 2024இல் இந்திய அறிவியல் கழகத்தின் 'லாங்கெவிட்டி இந்தியா' முயற்சி, ஆரோக்கியமாக முதுமையடையும் இந்தியரின் உயிர்க்குறியீடுகளுக்கு உள்ளூர் அடிப்படை அளவுகளை வகுக்கப் புறப்பட்டது.

5. புதிய கருவி, பழைய எச்சரிக்கை

2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெகனமாப் மருந்து அமைலாய்டை அகற்றுகிறது. 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில் சரிவின் வேகம் 27 விழுக்காடு குறைந்தது. ஆனால் 18 புள்ளி அளவில் வேறுபாடு 0.45 மட்டுமே. 2025 மே மாதம் அல்சைமருக்கான முதல் இரத்தப் பரிசோதனைக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. பாஸ்பேட் ஏறிய டௌ–217 புரதத்தை அமைலாய்டோடு விகிதப்படுத்திக் கணிக்கும் சோதனை அது. பேசவோ எழுதவோ வேண்டாத இக்கருவி, பல்லப்கர் காலத்துச் சிக்கலுக்கு முடிவு கட்டுவதாகத் தோன்றலாம்.

அப்படி நம்புவதற்கில்லை. சிறுநீரகம் பழுதானவரின் இரத்தத்தில் டௌ அளவு கூடுகிறது. உடற்பருமன் உள்ளவரிடம் குறைகிறது. நீரிழிவால் சிறுநீரகம் கெடுவோர் மிகுந்த நாட்டில், பிற நாட்டு மக்களிடம் வகுத்த எல்லைக்கோடு நோயற்றவரை நோயாளி ஆக்கலாம். 1990களில் கருவி நோயை மறைத்தது. இப்போது அது இல்லாத நோயைக் காட்டவும் கூடும்.

இன்னொரு குறையும் உண்டு. மேற்கண்ட பெங்களூர் ஆய்வுகள் நகரம், கிராமம் என்ற இரு துருவங்களில் நிற்கின்றன. ஆனேக்கல் இரண்டிலும் அடங்காது. வயலை விற்றவர், தொழிற்பேட்டையில் இரவுப் பணி பார்த்து ஓய்வுற்றவர், பிள்ளைகளோடு அடுக்ககத்துக்கு வந்து பேச்சுத்துணை இழந்தவர் எனப் பல முதுமைகள் இங்கே ஒன்றாக நிகழ்கின்றன. மறதிநோயில் 45 விழுக்காடு வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடிய 14 காரணிகளோடு தொடர்புடையது என்று 2024 லான்செட் ஆணையம் மதிப்பிட்டது. அப்பட்டியலில் உள்ள காற்று மாசு, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், தனிமை, செவித்திறன் குறைவு ஆகியவை இத்தகைய நகர்ப்புற விளிம்பில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும்.

முடிவுரை

ஐம்பதாண்டு வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, இந்தியாவில் மறதிநோயின் அளவு குறித்த ஒவ்வொரு கூற்றையும் அதைத் தந்த கருவியோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். இரண்டாவது, உயிரியல் குறியீடுகள் அந்த நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற்றவையல்ல. சீனிவாசபுரம் போன்ற தொடராய்வுகள் உள்ளூர் எல்லைக்கோடுகளை வகுக்கும்வரை அவற்றைப் பொது மருத்துவத்தில் இறக்குவது ஆபத்து. மூன்றாவது, மாறிக்கொண்டிருக்கும் நகர விளிம்பையும், தமிழ் உள்ளிட்ட அதன் எல்லா மொழிகளையும் உள்ளடக்கிய மூன்றாம் களம் ஒன்று தேவை. சகலவாராவில் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைந்து வேலை செய்த அனுபவம் அரை நூற்றாண்டாக உள்ள ஆனேக்கல் அதற்குத் தகுந்த இடம். அன்று அங்கு எழுந்த கேள்வி, வல்லுநர் இல்லாத ஊரில் உளநோயை யார் கண்டறிவது என்பது. ஒரு சொட்டு இரத்தத்தில் வரும் எண்ணை யாருடைய அளவுகோலில் வைத்துப் படிப்பது என்பதே அதன் இன்றைய வடிவம்.