பெயரும் எண்ணும் முகமும்: நம் அடையாளச் சான்றுகளின் வரலாறு



ஒலியியலும் ஒலிபெயர்ப்பும் கற்பித்தே பணிக்காலத்தைக் கழித்த ஒருவன், அரசாங்கச் சேவைகளுக்கான இணையவழி அடையாளச் சரிபார்ப்பைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களுள் சிலர் வியக்கலாம். காரணம் என் வீட்டில் தொடங்கியது. என் தந்தையார் மறைந்தபின், அவருடைய சேமிப்புத் தொடர்பான தாள்களை ஓர் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். அவருடைய அடையாள அட்டையில் அவர் பெயரின் ழகரம் ‘எல்’ என்னும் ஆங்கில எழுத்தால் குறிக்கப்பட்டிருந்தது. என் பிறப்புச் சான்றிதழில் அதே ழகரம் ‘இசட்’, ‘எச்’ என்னும் ஈரெழுத்தாக இருந்தது. “இவர்கள் இருவரும் ஒருவரே” என்று சத்தியப் பிரமாணம் செய்து தருமாறு பணித்தனர். நாற்பது ஆண்டுகள் ழகரத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவன், அந்த ழகரத்தின் பொருட்டே ஆணையர் முன் நின்று கையொப்பமிட்டேன்.

அன்று எழுந்த வினா இதுதான்: ஒருவரை இன்னார் என்று காட்டுவதற்கே இடப்பட்ட பெயர், இன்னார் என்று மெய்ப்பிக்கும் ஆற்றலை எப்போது இழந்தது? அதன் இடத்தில் எவையெவை வந்து அமர்ந்தன?

முகம் அறிந்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழரிற் பெரும்பாலோர் கங்காணி முறையில் வந்தவர்கள். கங்காணி தம் ஊராரையும் உறவினரையும் திரட்டி, நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாம் வழியாகக் கப்பலேற்றினார். அம்முறையில் ஆளுக்குச் சான்று ஆளே. “இவன் இன்னார் மகன், இன்ன ஊரான்” என்று சொல்ல ஒரு கங்காணி இருந்தார். அவர் சொல் செல்லுபடியாயிற்று. தோட்டத்து எழுத்தர் கேட்ட ஒலியைத் தமக்குத் தெரிந்த ஆங்கில எழுத்துகளில் பதிந்துகொண்டார். அந்தப் பதிவை எவரும் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கப்போவதில்லை என்பதால் எழுத்து எப்படி இருந்தாலும் குறையில்லை.

இம்முறையின் வலிமையே அதன் தளையும் ஆகும். கங்காணியைப் பகைத்துக்கொண்டவனுக்குச் சான்று இல்லை. தோட்டத்தை விட்டு நகருக்கு வந்தவனை அறிந்த முகமும் இல்லை.

அட்டை வந்த காலம்

1948 ஆம் ஆண்டு சூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதனையொட்டி 12 வயது நிரம்பியோர் அனைவரும் பதிவு செய்துகொண்டு அடையாள அட்டை பெற வேண்டும் என்னும் விதி வந்தது. அட்டையில் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் இடம்பெற்றன. சிங்கப்பூரிலும் அதே ஆண்டில் பதிவு தொடங்கியது. அட்டையின் முதல் நோக்கம் சேவை வழங்குவதன்று. காட்டில் இருப்பவனையும் நாட்டில் இருப்பவனையும் பிரித்தறிவது. அச்சத்தின் குழந்தையாகப் பிறந்த அட்டை, பின்னர் உரிமையின் திறவுகோலாக மாறியது.

அம்மாற்றத்தை நம் மக்களுக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர், 1935 இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி. 1957 இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தபோது, ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்த தமிழர்களைக் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுமாறு அவர் வலியுறுத்தினார். அன்று அச்சொல்லைக் கேட்டுப் பதிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கில் இருக்கக்கூடும். மலேசியாவில், உரிய காலத்தில் பதியாமற்போன தோட்டத் தமிழர் பலர் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அட்டையுடனேயே முதுமை எய்தினர். பிள்ளைகளுக்கு நீல அட்டை, பெற்றோர்க்குச் சிவப்பு அட்டை என்று ஒரே வீட்டில் இரு நிறங்கள் இருந்த கதையை அங்குள்ள உறவினரிடம் கேட்டால் சொல்வார்கள். ஒரு தாள் இல்லாமையின் விலை இத்தகையது.

சிங்கப்பூரில் 1965 ஆம் ஆண்டுத் தேசியப் பதிவுச் சட்டத்தின்கீழ் 1966 இல் மறுபதிவு நடைபெற்றது. 1991 இல் இன்றைய கையடக்க நெகிழி அட்டை வந்தது. மலேசியா 2001 இல் சில்லு பதித்த ‘மைகாட்’ அட்டையை அறிமுகப்படுத்தியது.

பெயர் ஏன் போதவில்லை

தமிழ்ப் பெயர் ஆவணங்களில் இடர்ப்படுவதற்கு மொழியியல் காரணங்கள் இரண்டு உள்ளன.

முதலாவது எழுத்து. தமிழில் ‘பழனி’ என்பதன் ழகரத்திற்கு ஒரே எழுத்துத்தான். ஆங்கில எழுத்திலோ, ழகரத்திற்கு ‘எல்’ அல்லது ‘இசட்-எச்’ என இரு வழிகள். ஈற்று இகரத்திற்கு ‘ஐ’, ‘வை’, இரட்டை ‘இ’ என மூன்று வழிகள். மூவெழுத்துப் பெயருக்கு ஆறு எழுத்துக்கூட்டல்கள் ஆயின. வல்லின எழுத்துகள் வந்தால் இன்னும் பெருகும். ககரம் சொல் முதலில் ஓர் ஒலியும் இடையில் வேறோர் ஒலியும் பெறுவதால், எழுத்தைப் பின்பற்றுவோர் ஒருவிதமாகவும் ஒலியைப் பின்பற்றுவோர் வேறுவிதமாகவும் எழுதுவர். இரண்டும் பிழையல்ல. மனிதக் கண்ணுக்கு இவை ஒரே பெயரின் உருவங்கள். கணினிக்கோ வெவ்வேறு பெயர்கள்.

இரண்டாவது பெயரமைப்பு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிட்டுத் தம் பெயரை எழுதுவது நம் வழக்கம். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் நம்முள் பெரும்பாலோர்க்கு இல்லை. ஆகவே ஆவணங்களில், மகன் என்பதைக் குறிக்க ‘எஸ்/ஓ’ என்றும் மகள் என்பதைக் குறிக்க ‘டி/ஓ’ என்றும் தந்தை பெயரோடு இணைத்தனர். மலேசியாவில் அவை ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என மலாய்ச் சொற்களின் குறுக்கங்களாயின. அந்தச் சாய்கோடு எழுத்தன்று, குறி. குறிகளை ஏற்காத இணையப் படிவங்களில் அது நீங்கிவிடுகிறது. மகனும் தந்தையும் ஒரே பெயராக ஒட்டிக்கொள்கின்றனர். ‘குடும்பப் பெயர்’ என்னும் கட்டத்தைக் கட்டாயமாக நிரப்பச் சொல்லும் படிவத்தில் தந்தை பெயரை இடுகிறோம். உடனே தந்தையின் பெயரால் நம்மை விளித்து ஒரு மின்னஞ்சல் வருகிறது.

எண் வந்த காலம்

இவ்விடர்களைத் தீர்க்க எண் வந்தது. எண்ணுக்கு எழுத்துக்கூட்டல் இல்லை. சிங்கப்பூர் அடையாள எண் ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கி, ஏழு இலக்கங்களைக் கொண்டு, மீண்டும் ஓர் எழுத்தில் முடியும். 2000 ஆம் ஆண்டு முதற்கொண்டு பிறந்த குடிமக்களுக்கு முதலெழுத்து ‘டி’. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு ‘எஸ்’. 1968 முதற்கொண்டு பிறந்தவர்களின் எண்ணில் முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். இறுதி எழுத்து, முன்னுள்ள இலக்கங்களைக் குறித்த எண்களாற் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதியிலிருந்து பெறப்படுவது. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் இறுதி எழுத்து ஒத்துவராது.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறுதி எழுத்து எழுத்துப்பிழையைத்தான் காட்டிக்கொடுக்கும். எண்ணைச் சொல்பவர் எண்ணுக்கு உரியவரா என்பதைச் சொல்லாது.

2003 ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிங்பாஸ் தொடங்கியபோது, எண்ணோடு ஒரு மறைச்சொல்லும் சேர்ந்தது. 2014 இல் 1,500க்கும் மேற்பட்ட சிங்பாஸ் கணக்குகளில் பிறர் நுழைந்திருக்கலாம் என்னும் செய்தி வெளியாயிற்று. எளிதில் ஊகிக்கத்தக்க மறைச்சொல் காவலாகாது என்பது அப்போது பலருக்கும் உறைத்தது. 2015 இல், மறைச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் கேட்கும் ஈரடுக்குச் சரிபார்ப்பு வந்தது. 2018 இல் செயலியும், 2020 இல் முகச் சரிபார்ப்பும் வந்தன. 2021 இறுதியிலிருந்து அரசாங்க முகப்புகளில் அட்டைக்குப் பதிலாகச் செயலியில் உள்ள மின்னிலக்க அடையாள அட்டையைக் காட்டவும் இயன்றது.

அடையாளம் வேறு, மெய்ப்பு வேறு

2024 ஆம் ஆண்டு திசம்பரில், வணிகப் பதிவுகளைப் பேணும் அரசாங்க அமைப்பின் புதிய இணையவாசலில் பெயரைத் தேடினால் முழு அடையாள எண்ணும் தெரிந்தது. மக்கள் கவலையுற்றனர். அடையாள எண் ஒருவரைக் குறிப்பதற்கு உரியதேயன்றி, அவரை மெய்ப்பிக்கும் மறைபொருள் அன்று என்றும், அதனை மறைச்சொல்லாகப் பயன்படுத்தலாகாது என்றும் அரசாங்கம் விளக்கியது. கவலைக்கும் விளக்கத்திற்கும் நடுவே இருந்தது ஒரு சொற்குழப்பம்.

இக்குழப்பம் நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் கோவலன் கையிலிருந்த சிலம்பு, அரசியின் சிலம்பை ஒத்திருந்தது. அந்த ஒப்புமையையே சான்றாகக் கொண்டு பாண்டியன் ஆணையிட்டான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்தபோதுதான் முத்தன்று, மாணிக்கம் என்று தெரிந்தது. புறத்தே தோன்றியது அடையாளம். உள்ளே இருந்த பரல் மெய்ப்பு. முதலாவதை இரண்டாவதாகக் கொண்டதால் ஓர் உயிர் போயிற்று. அதை உணர்ந்த அரசனும் உயிர் நீத்தான்.

இதற்கு மறுதலையாகக் கம்பரின் அனுமனைப் பாருங்கள். அசோகவனத்துச் சீதையிடம் அவன் இராமனின் திருமேனியை வருணிக்கிறான், இராமனும் சீதையும் மட்டுமே அறிந்த செய்திகளைச் சொல்கிறான், கணையாழியைத் தருகிறான். உடலின் இயல்பு, உள்ளத்து மறைசெய்தி, கைப்பொருள் ஆகிய இம்மூன்றும் இன்றைய சரிபார்ப்பு முறையின் மூன்று கூறுகள்: முகம் அல்லது விரல்ரேகை, மறைச்சொல், கைப்பேசி. ஏமாற்றப்பட்டுச் சிறையுண்ட ஒருத்தி, வந்தவனை எளிதில் நம்பவில்லை. அந்த ஐயம் குறையன்று, அறிவு.

தமிழில் ‘மெய்’ என்பது உண்மையையும் குறிக்கும், உடலையும் குறிக்கும். முகச் சரிபார்ப்பில் மெய்யே மெய்யை நிறுவுகிறது. கங்காணி முகம் பார்த்து அறிந்த காலத்திலிருந்து புறப்பட்டு, தாள், எண், மறைச்சொல் எல்லாவற்றையும் கடந்து மீண்டும் முகத்திற்கே வந்திருக்கிறோம். வேறுபாடு ஒன்று: அன்று பார்த்தவரை நமக்கும் தெரியும், இன்று பார்ப்பதை நாம் பார்ப்பதில்லை. ஆகவே அன்று வேண்டாத விழிப்பு இன்று வேண்டும்.

நம் கடமை

ஆசிரியர்களே, பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறை பிறப்புப் பதிவன்றே முடிவாகிறது. இளம் பெற்றோர் உங்களிடம் பெயர் கேட்டு வரும்போது, எழுத்துக்கூட்டலையும் சேர்த்தே ஆராயச் சொல்லுங்கள். எம்முறையைக் கொண்டாலும் அதனை எல்லா ஆவணங்களிலும் மாறாது கடைப்பிடித்தல் வேண்டும். முதியோரின் ஆவணங்களில் வேறுபாடு இருந்தால், அவர்கள் வாழும் காலத்திலேயே அதனைச் சீர்செய்துகொள்ள உதவுங்கள்.

மாணவர்களே, தாத்தா பாட்டி தங்கள் கைப்பேசியை உங்கள் கையில் கொடுத்து, “நீயே பார்த்துச் செய் கண்ணு” என்பார்கள். செய்துகொடுங்கள், ஆனால் அவர்கள் பக்கத்திலிருக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு திரையிலும் என்ன கேட்கப்படுகிறது, எதற்கு ஒப்புதல் தருகிறார்கள் என்பதைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். மறைச்சொல்லை அவர்களே இடட்டும். அதை நீங்கள் அறிந்துவைத்துக்கொண்டால், பேரனிடம் சொன்னது போலத்தானே என்று நாளை அதிகாரி என்று கூறித் தொலைபேசியில் அழைக்கும் அயலானிடமும் அவர்கள் சொல்லிவிடக்கூடும்.

என் தந்தையாரின் பெயர் இன்னும் இரண்டு தாள்களில் இரண்டு விதமாகவே இருக்கிறது. இருவரும் ஒருவரே என்று சொல்ல நான் இருந்தேன். நமக்குப்பின் அவ்வாறு சொல்ல ஆள் தேவைப்படாதவாறு நம் ஆவணங்களை வைத்துச் செல்வோம்.