நிலைவண்டியில் நீடித்த உழக்கல்

நிலைவண்டியில் நீடித்த உழக்கல் என்பது, ஓரிடத்தில் நிறுத்திப் பொருத்திய மிதிவண்டியை, உடல் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் தாங்கக்கூடிய உச்ச வலுவில், 10 நிமிடம் முதல் 60 நிமிடம் வரை இடைவிடாது மிதிக்கும் பயிற்சியாகும். போட்டி ஓட்டுநர்களின் அடிப்படைப் பயிற்சிகளில் இது ஒன்று. யாழ்ப்பாணத் தீவகத்தில் இதே உழைப்பைச் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், கடலைக் கடக்கும் வீதிகள் இயல்பாகவே வாங்கிவிடுகின்றன.

தாங்கெல்லை

உழக்கும்போது தசைகள் குளுக்கோசைச் சிதைத்துச் சக்தி பெறுகின்றன. அப்போது லாக்டேட் உண்டாகிறது. அது வெறும் கழிவன்று. இதயமும் மெதுவாக இயங்கும் தசைநார்களும் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. உண்டாகும் அளவும் தீரும் அளவும் சமமாக இருக்கும் வரை உழைப்பு நிலைத்து நிற்கும். அந்தச் சமநிலை உடையும் இடமே தாங்கெல்லை. அதைத் தாண்டியதும் லாக்டேட் இரத்தத்தில் சேரத் தொடங்கும், மூச்சு இரைக்கும், தொடை இறுகும், சிறிது நேரத்தில் கால் மறுத்துவிடும்.

இந்த எல்லையை வாற்றுக் கணக்கில் அறிவதற்கு அமெரிக்க உடலியலாளர் அன்ட்ரூ கொகனும் பயிற்றுநர் ஹன்டர் அலனும் பரப்பிய முறை இன்று எங்கும் வழக்கில் உள்ளது. 20 நிமிடம் முழு முயற்சியுடன் மிதித்து, அதன் சராசரி வலுவில் 95 வீதத்தை எடுத்தால் அதுவே தாங்கெல்லையின் மதிப்பீடு. சராசரி 200 வாற்று என்றால் எல்லை 190 வாற்று. ஒரு மணித்தியாலம் தாங்கக்கூடிய வலுவுக்கும் 20 நிமிடத்தில் தீர்ந்துபோகும் வலுவுக்கும் இடையே உள்ளது 10 வாற்று மட்டுமே என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது. நீடித்த உழக்கலின் முழுச் சிக்கலும் இந்த 10 வாற்றுக்குள் அடங்கிவிடுகிறது. பலம் போதாமல் தோற்பவர்களைவிட, முதல் ஐந்து நிமிடத்தில் கூடக் கொடுத்துத் தோற்பவர்களே அதிகம்.

குடாநாட்டின் நின்ற சைக்கிள்

யாழ்ப்பாணத்தில் நிலைவண்டி உடற்பயிற்சிக்கென வந்ததன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமற் போனது. பொருளாதாரத் தடையால் பெற்றோலும் பற்றரியும் அரிதாயின. வானொலி கேட்க மக்கள் கண்ட வழி சைக்கிள் டைனமோ. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றிப் பின்சில்லு நிலத்தில் படாமல் நிறுத்துவார்கள். ரயரோடு உரசும் டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் வானொலிப் பெட்டிக்குப் போகும். டைனமோ தருவது ஆடலோட்டம் என்பதால் இடையில் டயோட்டும் மின்கொள்ளளவியும் பொருத்துவார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுழற்றுவார், அல்லது ஏறியிருந்து உழக்குவார். வீடே சுற்றியிருந்து பிபிசி தமிழோசையைக் கேட்கும். தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்து வலிகாமத்தில் தங்கியிருந்த குடும்பங்களும் அக்காலத்தில் இப்படித்தான் செய்தி அறிந்தன.

சாதாரண சைக்கிள் டைனமோ 6 வோல்ற்றில் 3 வாற்று தருவது. அதைச் சுழற்றப் பெரும்பலம் வேண்டியதில்லை, வேண்டியது சீர். வேகம் குறைந்தால் வானொலியின் குரல் மங்கும். கசெற் என்றால் பாட்டு இழுபடும். கூடினால் பெட்டிக்குக் கேடு. செய்தி முடியும் வரை ஒரே வேகத்தில் கால் சுற்ற வேண்டும். இன்று வலுவை அளக்கும் வலுமானியின் திரையைப் பார்த்து ஓட்டுநர் கற்கும் ஒழுங்கை அன்று காது கற்றுக்கொடுத்தது.

நெடுநேர உழைப்பில் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதிக்குத் தனி வரலாறும் உண்டு. தொண்டைமானாறு மு. நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதை இரு திசையிலும் 51 மணித்தியாலங்களில் நீந்தினார். அவரே 1979 மே 2 முதல் 10 வரை கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலம் 28 நிமிடம் நிற்காமல் சைக்கிள் ஓட்டிக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றார். 1984 ஓகஸ்ற்றில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர்நீத்தார். ஏறக்குறைய எட்டு நாள் நீண்ட அந்தச் சைக்கிளோட்டம் தாங்கெல்லைக்கு வெகு கீழே நிகழ்ந்த உழைப்பு. அங்கே முதல் எதிரி தூக்கம். தாங்கெல்லை உழக்கலில் எதிரி அவசரம். இரண்டுக்கும் பொதுவானது, கையிருப்பை அறிந்து செலவிடும் அறிவு.

தீவகப் பாதைகளும் காற்றும்

யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் இறங்கி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. ஊர்காவற்றுறைக்கு வேலணைத் தீவின் ஊடாகத் தரைவழி உண்டு. காரைநகரிலிருந்து ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகிலும் கடக்கலாம். வழியில் மேடு என்று சொல்ல எதுவுமில்லை. பண்ணையிலும் புங்குடுதீவுப் பாலத்திலும் இருபுறமும் ஆழமற்ற கடல்; காற்றை மறிக்க ஒரு பனைகூட இராது.

மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது. ஆகவே நகரிலிருந்து தீவுக்குப் போகும்போது முகத்தில் அடிக்கும். காற்றில்லாத நேரம் மணிக்கு 20 கிலோமீற்றரில் போகிறவர், 20 கிலோமீற்றர் வேக எதிர்காற்றில் அதே வேகத்தைப் பிடிக்க முயன்றால் காற்றுத்தடைக்கு மட்டும் நான்கு மடங்கு வலு கொடுக்க வேண்டும். அதனால் பழகிய தீவார் வேகத்தைப் பார்ப்பதில்லை. குனிந்து, ஒரே உழைப்பில், வண்டி போகிற வேகத்தில் போகவிடுவார்கள். புதியவர் பாலம் தொடங்கும்போது எழும்பி நின்று உழக்குவார். பாதி வழியில் இறங்கி உருட்டுவார். இறக்கமோ மறைப்போ இல்லாத இந்தப் பாதையில் கால் ஓய இடம் கிடையாது. நிலைவண்டியின் தன்மையும் இதுவே.

பயிற்சி முறை

முதலில் 15 நிமிடம் மெல்ல உழக்கி உடலைச் சூடாக்க வேண்டும். பின்வரும் ஒழுங்கில் சுமையைக் கூட்டலாம்:

1. 10 நிமிடம் வீதம் 3 தடவை, எல்லையின் 95 வீதத்தில். இடையில் 5 நிமிடம் இலகு உழக்கல்.
2. 15 நிமிடம் வீதம் 3 தடவை.
3. 20 நிமிடம் வீதம் 2 தடவை, 95 முதல் 100 வீதத்தில்.
4. இடைவேளை இல்லாமல் 40 நிமிடம்.

ஒரு படியைச் சீராக முடித்த பிறகே அடுத்தது. கிழமைக்கு இரண்டு நாள் போதும். நடுவில் 48 மணித்தியால இடைவெளி வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முதல் இரண்டு நிமிடத்தையும் இலக்கைவிட 5 முதல் 10 வாற்று குறைத்தே தொடங்குவது நல்லது. நிமிடத்துக்கு 85 முதல் 95 சுற்று பலருக்கும் பொருந்தும். வலுமானி இல்லாதவர் பேச்சை அளவாகக் கொள்ளலாம்: இரண்டு மூன்று சொல் சொல்ல முடியும், முழு வசனம் சொல்ல முடியாது என்ற நிலை எல்லைக்கு அண்மை. ஒரு தடவை வலு சரிந்தால் துரத்திப் பிடிக்காமல், 5 வாற்று இறக்கி நேரத்தை முடிப்பதே பயன் தரும்.

வெப்பம், நீர், உணவு

மனித உடல் செலவிடும் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவே பெடலைச் சேர்கிறது; மிச்சம் வெப்பம். 190 வாற்றில் உழக்குபவர் 600 வாற்றுக்கு மேல் வெப்பம் வெளிவிடுகிறார். பாலத்தில் காற்று அதை அள்ளிச் செல்லும். மூடிய அறையில் அது உடம்பிலேயே தங்கும். வலு மாறாதபோதும் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போவது இதனால்தான். தீவகத்தின் ஈரப்பதத்தில் வியர்வையும் எளிதில் உலராது. விடியற்காலை, திறந்த விறாந்தை, முன்னால் ஒரு பெரிய மின்விசிறி ஆகிய மூன்றும் இல்லாமல் இங்கே இந்தப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

கிணற்று நீர் பல இடங்களில் உவர் என்பதால், குடிநீரை முன்கூட்டியே நிறைத்து வைக்க வேண்டும். மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றரை எட்டும் வியர்வை இழப்பு சாதாரணம். நீருடன் சிறிது உப்பும் வேண்டும். பனங்கட்டியும் தேசிக்காயும் உப்பும் கரைத்த நீர் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்தே தரும்.

மின்சாரம் தடைப்படும் இடங்களில், மின் இணைப்பு வேண்டாத காந்த அல்லது திரவத் தடை நிலைவண்டியே உகந்தது; ஆனால் மின்விசிறி நின்றால் பயிற்சியையும் நிறுத்த வேண்டும்.

எச்சரிக்கை

நெஞ்சுவலி, தலைச்சுற்று, வியர்வை திடீரென நின்று குளிர்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே இறங்க வேண்டும். இதயநோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் நாற்பது வயதைக் கடந்து புதிதாகத் தொடங்குபவர்களும் முதலில் மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம். மற்றவர்களுக்கு இது விலை கூடிய கருவி கேட்கும் பயிற்சியன்று: ஒரு பழைய சைக்கிளும் தடை தரும் உறுதியான தாங்கியும் மின்விசிறியும் மணிக்கூடும் போதும். கடைசி ஐந்து நிமிடத்தை முதல் ஐந்து நிமிடத்தின் அதே வலுவில் முடிப்பவரே இதைக் கற்றவர்.