சாரணர் விருதுகள்: அடையாறு முதல் சேதுக் கரை வரை

சாரணர் இயக்கத்தில் தகுதி என்பது முதலில் துணியில் தைத்த ஒரு சின்னம். இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சிறுவர்களுக்கு ஒரு முகாம் நடத்தினார். மறு ஆண்டு சாரணியம் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. கற்றதைச் செய்துகாட்டிய சிறுவனுக்குப் படிப்படியாகச் சின்னம் அளிக்கும் முறை அதிலிருந்தே தொடங்குகிறது. 1909-இல் மிக உயர்ந்த தகுதிக்கு இங்கிலாந்து மன்னரின் பெயர் சூட்டப்பட்டது. பள்ளித் தேர்வைப்போல முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசை இதில் கிடையாது. குறித்த அளவை எட்டியவர் எல்லோரும் சின்னம் பெறலாம்.

அதே 1909-இல் பெங்களூரில் இந்தியாவின் முதல் சாரணர் படை அமைந்தது. ஆனால் அதன் கதவு ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களுக்கே திறந்திருந்தது. இதற்கு விடையாக 1916-இல் சென்னையில் பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட், அச்சபையைச் சேர்ந்த அருண்டேலின் துணையோடு இந்தியச் சிறுவர்களுக்குத் தனிச் சங்கம் தொடங்கினார். தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை வந்தது. இந்தியப் பாடல்கள் ஒலித்தன. 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்தச் சங்கம் தாய்ச் சங்கத்தோடு இணைந்தது. 1932-இல் பெசன்ட்டுக்குச் சாரணர் இயக்கத்தின் உயர்ந்த விருதான 'வெள்ளி ஓநாய்' கிடைத்தது. ஒரு காலத்தில் இந்தியச் சிறுவர்களை உள்ளே விடாத அமைப்பு, அவர்களுக்காகத் தனி வாசல் திறந்தவரையே பின்னர் கௌரவித்தது.

வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் 1918-இல் அலகாபாத்தில் சேவா சமிதி சாரணர் சங்கத்தை உருவாக்கினர். முடிச்சுப் போடுவதைவிட மேளாக் கூட்டத்தில் வழிதவறியவர்களைக் கரைசேர்ப்பதே அவர்களுக்குப் பெரிய தேர்வு. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் திரளும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு அந்தத் தேர்வின் கடுமை புரியும்.

விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7-இல் சாரணர் சங்கங்கள் 'பாரத சாரண, சாரணியர்' அமைப்பாக ஒன்றாயின; அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15-இல் சாரணியரும் சேர்ந்தனர். மன்னரின் இடத்துக்குக் குடியரசுத் தலைவர் வந்தார். பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான் என்ற படிகளைக் கடந்தவருக்கு ஆளுநர் கையொப்பமிடும் ராஜ்ய புரஸ்கார். அதற்கும் மேலே ராஷ்டிரபதி விருது. வயதுப் பிரிவுகளுக்குக் குருளையர், நீலப்பறவையர், திரிசாரணர் என அழகான தமிழ்ப் பெயர்களை ஆக்கிய தமிழ்நாடு, விருதுகளின் இந்திப் பெயர்களை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டது. ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். அக்காலத்து ராஷ்டிரபதி விருதுகள் அவர் பெயரில் வழங்கப்பட்டவை.

இந்தத் தேர்வுகளில் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. ரீஃப் நாட், குளோவ் ஹிட்ச், போலைன் ஆகிய முடிச்சுகள் எல்லாமே கப்பல் கயிற்றிலிருந்து சாரணர் கைக்கு வந்தவை. பாம்பன், மண்டபம் பகுதியில் வலை கட்டும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு முடிச்சு புதிதல்ல. அதற்குப் பாடப் பெயர் ஒன்று இருப்பதுதான் புதிது. நீச்சலும் அப்படித்தான். முதலுதவியும் பேரிடர்ப் பயிற்சியும் இங்கே ஏட்டுப் பாடமாக நிற்காது. ஏனெனில் இந்தக் கரையில்தான் 1964 டிசம்பர் 22 இரவில் தாக்கிய புயல் தனுஷ்கோடியையும் அதை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது.

சின்னம் இல்லாத செயலுக்கும் மதிப்புத் தர வேண்டும் என்ற எண்ணத்துக்கு வித்திட்டவரும் ஒரு சாரணர்தான். 1957 அக்டோபர் 2 அன்று தில்லி ராம்லீலா மைதானத்தில் நேரு அமர்ந்திருந்த பந்தலில் தீப்பற்றியது. 14 வயது ஹரிஷ் சந்திர மெஹ்ரா தன் கத்தியால் பந்தல் துணியை அறுத்து, தீ பரவாமல் தடுத்தார். 1958 பிப்ரவரியில் அவருக்கும் மற்றொரு சிறாருக்கும் நேரு விருது வழங்கினார். தேசிய வீரச்சிறார் விருதுகளின் தொடக்கம் அதுவே.

தனியாளைப் போற்றும் விருதுகளோடு குழுவை அளக்கும் போட்டிகளும் உள்ளன. பிரதமர் பெயரிலான கேடயப் போட்டி சாரணர், சாரணியர் குழுக்களுக்கும், குடியரசுத் துணைத் தலைவர் பெயரிலான போட்டி திரிசாரணர், திரிசாரணியருக்கும் உரியவை. ஊருக்குள் செய்த தொண்டே இவற்றில் அளவுகோல். நடுவர் கைக்குச் செல்வது செயல் அல்ல, பதிவேடு. கிணறு தூர்வாரிய படை அதை நாள் குறித்து எழுதி, படம் ஒட்டி வைக்காவிட்டால் கிணற்றில் நீர் ஊறினாலும் கணக்கில் ஏறாது. எழுதத் தெரிந்த சாரண ஆசிரியர் உள்ள பள்ளிக்கு இதனால் கூடுதல் பலம். 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் நடந்த வைரவிழாப் பெருந்திரளணியிலும் ஒவ்வொரு சீருடையின் கைப்பகுதியும் ஒரு குட்டிப் பதிவேடாகவே இருந்தது: எந்தப் படி, எந்தத் திறன் என்பதைத் துணியே சொல்லியது.