விசாயத் திருவிழாப் பெயர்களில் வரலாறு

பிலிப்பைன்சின் நடுப்பகுதியில் அமைந்த விசாயத் தீவுகளில் சனவரித் திங்கள் விழாக்காலமாகும். பனாய்த் தீவின் கலிபோ நகரில் அத்தி-அத்திஹன், அதே தீவின் இலோய்லோ நகரில் தினக்யாங், செபுத் தீவில் சினுலோக் என்பன குழந்தை இயேசுவாகிய சாந்தோ நின்யோவைப் போற்றிக் கொண்டாடப்பெறுகின்றன. இப்பெயர்கள் தொன்மை வாய்ந்தவை போல் ஒலிக்கின்றன. அவற்றின் சொல்லமைப்பையும் வழக்கிற்கு வந்த காலத்தையும் ஒருசேர நோக்கின் வேறொரு வரலாறு புலப்படும்.

வழிபாடு பழைமையானது என்பதில் ஐயமில்லை. 1521இல் மெகல்லன் குழுவினர் செபுவின் அரசிக்குத் திருமுழுக்களித்துக் குழந்தை இயேசுவின் உருவத்தை வழங்கினர். 1565இல் லெகாஸ்பியின் படையினர் அத்தகைய உருவமொன்றை அங்கே கண்டெடுத்தனர். அவ்வுருவத்தின் முன் ஆடப்பெற்ற, முன்னும் பின்னும் அடிபெயர்க்கும் ஆட்டமே சினுலோக். ‘சுலோக்’ என்பது நீரோட்டத்தைக் குறிக்கும் செபுவானோச் சொல். ‘இன்’ என்னும் இடையொட்டு முதல் மெய்யை அடுத்துப் புகுந்து (ச் + இன் + உலோக்) பெயரை ஆக்குகிறது. ஆட்டம் பழையதாயினும், இன்று காணும் நகர்வலம் 1980இல் தொடங்கியதே.

ஏனைய பெயர்கள் சிலவற்றில் சொல்லே புதிது. இலோய்லோ விழா 1960களின் பிற்பகுதியில் கலிபோவைப் பின்பற்றி எழுந்தது. களித்தல் என்னும் பொருளுடைய ‘தக்யாங்’ என்னும் ஹிலிகாய்னோன் சொல்லிலிருந்து ‘தினக்யாங்’ என்ற பெயரை 1977இல் வானொலியாளர் பசிஃபிகோ சுதாரியோ ஆக்கினார். பனாயின் மேற்குக் கரையிலுள்ள அந்திக்கே மாநிலத்தில் 1974இல் தொடங்கிய பினிராயன் விழாவின் பெயர், ‘பிராய்’ என்னும் படகுப் பெயரிலிருந்து அதே இடையொட்டினால் அமைந்தது. இவற்றிற்கு மாறாக, 1980இல் பகோலோட் நகரில் சர்க்கரை விலைச் சரிவுக்கும் கப்பல் விபத்துத் துயருக்கும் இடையே பிறந்த ‘மாஸ்காரா’ விழாவின் பெயர், மக்கள் திரளைக் குறிக்கும் ஆங்கில ‘மாஸ்’, முகத்தைக் குறிக்கும் ஸ்பானிய ‘காரா’ ஆகியவற்றின் கூட்டு. முகமூடியைக் குறிக்கும் ‘மஸ்காரா’ என்னும் சொல்லோடு ஒலியொப்புமை தோன்றப் புனையப்பட்ட அப்பெயர் தன் புதுமையை மறைப்பதில்லை. இடையொட்டுப் பெற்ற பெயர்களோ மொழியின் பழைய இலக்கணத்தினாலேயே பழைமைத் தோற்றம் பெறுகின்றன.

கலிபோ விழாவின் பெயர் தனித்து ஆராயத்தக்கது. சொல்லை இரட்டித்து ஈற்றில் ஒட்டுச் சேர்த்தல் பிலிப்பைன் மொழிகளில் பாவனையைச் சுட்டும். தகலோக்கில் ‘பஹாய்’ வீடு. ‘பஹாய்-பஹாயன்’ சிறுவர் வீடுகட்டி விளையாடும் விளையாட்டு. அவ்வாறே ‘அத்தி-அத்திஹன்’ என்பது அத்தியராகப் பாவித்தல் எனப் பொருள்படும். அத்தியர் பனாயின் கருநிறத் தொல்குடியினர். ஆடுவோர் கரி பூசி அவர்தம் தோற்றம் கொள்கின்றனர்.

இப்பாவனைக்கு அடிப்படையாகக் கூறப்படும் கதை வருமாறு: போர்னியோவிலிருந்து வந்த பத்துத் தாத்துக்கள் பொன்தொப்பி ஒன்றை அளித்து, அத்தியர் தலைவன் மரிகுதோவிடம் சமவெளியை விலைக்குப் பெற்றனர், அத்தியர் மலைகளுக்குச் சென்றனர். 1907இல் வெளிவந்த பெத்ரோ மொன்தெகிளாரோவின் ‘மராக்தாஸ்’ இக்கதையைப் பரப்பியது. அந்நூல் ஸ்பானியர் வருகைக்கு முற்பட்ட ஆவணமன்று, பிற்கால மரபுச் செய்திகளின் தொகுப்பே என்பதை வில்லியம் ஹென்றி ஸ்காட் 1968இல் எடுத்துக்காட்டினார். ஆயினும் நிலம் மனமுவந்து விற்கப்பட்டது என்னும் கருத்து விழாவில் ஆண்டுதோறும் மீள நடிக்கப்பெறுகிறது. அதே அத்தியரின் வழித்தோன்றல்களுக்குப் பொராக்காய்த் தீவில் அரசின் நிலச் சான்றிதழ்கள் 2018இல் வழங்கப்பட்டமையும் இங்கு நினைவுகூரத்தக்கது.

எனவே, இப்பெயரை ‘கலிபோத் திருவிழா’ எனப் பொதுமையாகப் பெயர்த்தால் பாவிக்கப்படும் மக்கள் மறைவர். ‘கறுப்பர் விழா’ எனின் இனப்பெயர் நிறப்பெயராகிவிடும். ‘அத்தியர் பாவனை விழா’ என்பது ஒட்டின் பொருளையும் இனப்பெயரையும் ஒருங்கே காக்கும்.

விழாக்களுக்குப் பெயரளித்த ‘இன்’ என்னும் ஒட்டு, மக்கள் பெயரிலிருந்து மொழிப்பெயரையும் ஆக்கும். கராயா மக்களின் மொழி கினராயா. அத்தியரின் மொழி இனத்தி. அண்டை விசாய மொழிகளினின்று வேறுபட்ட அம்மொழியைப் பேசுவோர் அருகி வருகின்றனர். அத்தியராகப் பாவிப்போர் தெருக்களை நிறைக்கும் நாட்டில், அத்தியர் மொழியைப் பதிவு செய்தலே மொழியியலார் முன்னுள்ள பணியாகும்.