பாடசாலைக்குள் வந்த சங்கீதம்

யாழ் வாசித்துப் பரிசிலாக மணற்றிடல் ஒன்றைப் பெற்ற பாணன் ஒருவனால் எமது குடாநாட்டுக்கு யாழ்ப்பாணம் என்னும் பெயர் வந்ததென்று பெரியோர் கூறுவர். அக்கதையின் மெய்யையும் பொய்யையும் ஆராய்வது இங்கு எம் கருத்தன்று. பாணன் பெயரைத் தாங்கிய அந்த மண்ணிலே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று கணிதம்போல, சரித்திரம்போலச் சங்கீதத்தையும் ஒரு பாடமாகக் கற்பதற்கு எத்தனை காலம் காத்திருக்கவேண்டியிருந்தது என்பதையே சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகின்றோம்.

1824ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலிலே பெண்களுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கினர். மிஷன் பாடசாலைகளிலே கீதம் பாடுதல் வழிபாட்டோடு சேர்ந்தே வந்தது. 1848இல் வண்ணார்பண்ணையிலே ஆறுமுக நாவலர் அவர்கள் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். சைவப் பாடசாலைகளிலே தேவாரம் ஓதப்பட்டது. ஆனால் அது வழிபாடாகவும் மனனமாகவும் நின்றது. சங்கீதமோ கோயில் வீதியிலே மேளக்காரரிடமும், மூலத்தானத்தின் முன்னே ஓதுவாரிடமும், சதிர்க்கச்சேரியிலே ஆடுமகளிரிடமும் இருந்தது. கோயிலிற் சதிர் வைப்பதை நாவலர் வன்மையாகக் கண்டித்தார்கள். அக்கண்டனத்துக்கு அக்காலத்துக் காரணம் உண்டு. ஆயினும் சதிரின்மேல் விழுந்த பழி மெல்லப் பாட்டின்மேலும் விழுந்தது. நல்ல குடும்பத்துப் பெண் வாய்விட்டுப் பாடுவதா என்று கேட்கும் வழக்கம் எமது வீடுகளில் நெடுங்காலம் நிலைத்தது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. தில்லையிலே திருமுறைகளைக் கண்டெடுத்தபின், அவற்றுக்குரிய பண்ணமைப்பை அறியாது மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் கலங்கினர் என்றும், அதனை வகுத்துக் கொடுத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருவர் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. தேவாரத்துக்குப் பண் தந்தவர் ஒரு பெண். அதே தேவாரத்தைப் போற்றும் வீடுகளிலே பெண் பாடத் தயங்கினாள்!

தயக்கம் குறையத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டிலேதான். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் மருதனார்மடத்திலே சைவப் பெண்பிள்ளைகளுக்கெனக் கல்லூரி கண்டார்கள். 1931இல் வட இலங்கைச் சங்கீத சபை தோன்றிற்று. சபை செய்த பெருங் காரியம் தரம் தரமாகப் பரீட்சை வைத்தமை. முதலாந் தரத்திலே தொடங்கிப் படிப்படியாக ஏறி, ஆசிரியர் தரத்திலே தேறியவர் கலாவித்தகர் என்னும் பட்டம் பெறுவர். பரீட்சை என்றால் எம்மவருக்குள்ள பற்று உலகறிந்தது. அறிமுறைக்கு இத்தனை புள்ளி, செய்முறைக்கு இத்தனை புள்ளி என்றும், முடிவிலே ஒரு சான்றிதழ் என்றும் வந்தவுடன் சங்கீதம் மதிப்புள்ள படிப்பாயிற்று. மகளைப் பாடவிடத் தயங்கிய தந்தையாரே அவளைச் சோதனைக்கு ஆயத்தஞ் செய்து அழைத்துச் சென்றார். கலையின் பெருமையாற் கரையாத மனம் சான்றிதழாற் கரைந்தது. இதைக் குறையாக நாம் சொல்லவில்லை. வரலாறு நடந்த வழி அது.

ஆசிரியர்களுக்கு எங்கே போவது? 1929இல் சிதம்பரத்திலே அண்ணாமலை செட்டியார் அவர்களின் கொடையால் எழுந்த இசைக்கல்லூரிதான் வழிகாட்டியது. யாழ்ப்பாணத்து இளைஞர் புகையிரதத்திலே தலைமன்னார் சென்று, கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, மீண்டும் புகையிரதம் பிடித்துச் சிதம்பரத்தை அடைந்தனர். சங்கீத பூஷணம் என்ற பட்டத்தோடு திரும்பியவர்கள் எமது கல்லூரிகளிலே சங்கீத ஆசிரியர்களாயினர். தனுஷ்கோடியை 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயல் அழித்துவிட்டது. நல்ல காலமாக, அதற்கு முன்பே, 1960இல், மருதனார்மடத்திலேயே இராமநாதன் இசைக்கல்லூரியைச் சு. நடேசபிள்ளை அவர்கள் நிறுவியிருந்தார்கள். மகாராஜபுரம் சந்தானம், சித்தூர் சுப்பிரமணியபிள்ளை போன்ற பெருவித்துவான்கள் கடல் கடந்து வந்து அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தனர். 1975இல் அக்கல்லூரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. கிழக்கிலே, யாழ்நூலை 1947இல் அரங்கேற்றி அவ்வாண்டிலேயே மறைந்த விபுலாநந்த அடிகளின் பெயரால் 1982இல் கல்லடியில் ஓர் இசை நடனக் கல்லூரி அமைந்தது.

1945இல் வந்த இலவசக் கல்வி இன்னொரு கதவைத் திறந்தது. வீட்டுக்குப் பாட்டு வாத்தியாரை அழைக்க வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளையும் பாடசாலையிற் பாடம் கேட்கலாம் என்ற நிலை சிறிது சிறிதாகப் பரவியது. கர்நாடக சங்கீதம் க.பொ.த. சாதாரண தரத்துப் பாடங்களுள் ஒன்றாகி, எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் உடையதாயிற்று. 1990இன் பின் குடாநாட்டில் மின்சாரமே இல்லாதிருந்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியிற் கச்சேரி கேட்ட மாணாக்கர் உண்டு. மின்சாரம் வேண்டாத தம்பூராவும் வீணையும் மட்டும் வழமைபோல ஒலித்தன.

இனி வகுப்பறைக்குள்ளே சென்று பார்ப்போம். மாயாமாளவகௌளை இராகத்திலே சரளி வரிசை. பின் ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் இந்த ஒழுங்கு நல்ல ஒழுங்குதான். குருவின் வீட்டிலே தங்கி விடியற்காலையிற் சாதகம் செய்த பிள்ளைக்கென எழுந்த அம்முறையை, மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடியும் பாடவேளைக்குள் அடக்கவேண்டியிருக்கின்றது. ஒரு சுருதிப்பெட்டி, ஓர் ஆசிரியை, எதிரே வகுப்பு நிறைந்த பிள்ளைகள். எந்தப் பிள்ளை சுருதி விலகிப் பாடுகின்றதென்று கண்டுபிடிப்பதற்குள் நேரம் போய்விடும். ஆகவே கொப்பியில் எழுதக்கூடியது வளர்ந்தது. 72 மேளகர்த்தாக்களின் சக்கரத்தைப் பிழையின்றி வரையும் பிள்ளை, அவற்றுள் இரண்டு மூன்றையேனும் பாடிக் காட்டுமா என்றால் எமக்கு ஐயமே. ஆண்பிள்ளைகளோ இது பெண்களுக்குரிய பாடமென்று ஒதுங்குகின்றனர். ஒரு காலத்திற் பெண்ணுக்கு ஆகாதென்றிருந்தது, இப்போது ஆணுக்கு ஆகாததாயிற்று.

எம் மனத்தை உறுத்துவது வேறொன்று. சங்கீதம் பாடசாலைக்குள் வந்தபோது வாசலிலே நின்றுவிட்டவர்கள் யார்? தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) எமது மண்ணின் பிள்ளை. தந்தையார் விசுவலிங்கத்திடம் தொடங்கிப் பின் தமிழகத்திலே நாச்சியார்கோயில் இராகவபிள்ளையிடம் பயின்ற அவர் வித்தை கோயில் வீதிகளிலே வளர்ந்தது. வகுப்பறைக்கு அதிற் பங்கில்லை. இணுவிலிலும் அளவெட்டியிலும் மேளம் கற்கும் பிள்ளை இன்றும் பெரும்பாலும் வீட்டிலேதான் கற்கின்றது.

பண்ணின் நிலையும் அவ்வாறே. சரளி வரிசைக்குரிய மாயாமாளவகௌளையிலேதான் ஓதுவார்கள் இந்தளப் பண்ணைப் பாடுகின்றனர். சம்பந்தரின் இரண்டாந் திருமுறை இந்தளத்திலேயே தொடங்குகின்றது. எமது நாட்டுக் கோணேசர் பதிகத்தின் பண் புறநீர்மை. ஓதுவார் வழக்கில் அது பூபாளம். காலைப் பிரார்த்தனையிலே அப்பதிகத்தைப் பாடிவிட்டு, அடுத்த மணிக்குச் சங்கீத அறைக்குச் சென்று பூபாளத்தின் ஆரோகண அவரோகணத்தைக் கொப்பியில் எழுதும் பிள்ளை, இரண்டும் ஒன்றென்று அறியாமலே வளர்கின்றது. இரண்டையும் சேர்த்துக் காட்டுவதற்குப் புதிய பாடத்திட்டம் வேண்டியதில்லை. ஓர் ஓதுவாரை மாதத்துக்கொருமுறை அந்த அறைக்குள் அழைத்துப் பாடச் செய்தாலே போதும். கோயில் பாடசாலைக்கு அடுத்த வீதியிலேதான் இருக்கின்றது.