டயாஸ்டாசிஸ் ரெக்டை

பிரேசர் டவுன் ஸ்கேன் சென்டரில் வாங்கிவந்த ரிப்போர்ட்டில் இந்தப் பெயரைப் பார்த்து அக்கா பயந்துபோனாள். அர்த்தம் என்னவோ சாதுவானதுதான். கிரேக்கத்தில் ‘டயா’ என்றால் விலகி, ‘ஸ்டாசிஸ்’ என்றால் நிற்றல். லத்தீனில் ‘ரெக்டஸ்’ என்றால் நேரானது. தொப்புளுக்கு இருபக்கமும் மேலிருந்து கீழாக ஓடும் நேர்த்தசைகள் விலகி நிற்கின்றன, அவ்வளவே. நடுவிலுள்ள ‘லினியா ஆல்பா’, அதாவது வெண்கோடு, கர்ப்ப காலத்தில் இழுபட்டு அகன்றுவிடுகிறது. அல்ட்ராசவுண்டிலும் அது வெளுப்பாகத்தான் தெரியும், தசைகள் கறுப்பாக. மல்லாந்து படுத்தபடியும், தலையைச் சற்றுத் தூக்கச் சொல்லியும் இடைவெளியை அளப்பார்கள். பொதுவாக 2 செ.மீ.க்கு மேல் போனால் விலகல். சிலர் இதைத் தமிழில் ‘பிளவு’ என்று எழுதுகிறார்கள். அது தப்பு, இங்கே எதுவும் கிழிவதில்லை. ஓட்டை விழுந்து குடல் பிதுங்கினால் அது குடலிறக்கம், வேறு சங்கதி. ‘தசை விலகல்’ என்றே எழுதுங்கள்.