3,400 மீட்டருக்குக் கீழே

2016 ஜூலை 22 காலை தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 போய்ச் சேரவில்லை. உள்ளே 29 பேர். விமானங்கள், கப்பல்கள், ஒரு நீர்மூழ்கி எல்லாம் தேடின. பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ‘சாகர் நிதி’ கப்பலும் போனது. ஒண்ணும் கிடைக்கல. செப்டம்பரில், இறந்துவிட்டதாகக் கருதுகிறோம் என்று குடும்பங்களிடம் சொல்லிவிட்டார்கள்.

படைபலம் என்றதும் ஏவுகணைகளைத்தான் எண்ணுகிறோம். காணாமல் போன தன் ஆட்களைக் கண்டுபிடிப்பதும் படையின் திறன்தானே? மேலே மிதக்கும் கப்பலின் சோனார் அத்தனை ஆழத்தில் உடைந்த துண்டுகளைப் பிரித்துக் காட்டாது. கருவியே கீழே இறங்க வேண்டும்.

அந்தக் கருவி படைக்காக வந்ததல்ல. 1993ல் தொடங்கிய பள்ளிக்கரணை நிறுவனத்தின் தேடல்களில் ஒன்று, கடல்தரையில் கிடக்கும் கனிமங்கள். 6,000 மீட்டர் வரை தானாகவே நீந்திப் போகும் அதன் ஆளில்லா வாகனத்தின் பெயரே ‘ஓஷன் மினரல் எக்ஸ்புளோரர்’. விமானம் கடைசியாகத் தெரிந்த இடத்தில் அதை இறக்கினார்கள். சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கி.மீ., ஆழம் 3,400 மீட்டர். சோனாரிலும் படங்களிலும் விமானச் சிதறல்கள்.

2024 ஜனவரி 12ல் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது: அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவில்லை, எனவே இது அதுவாக இருக்கலாம். ஏழரை வருஷம். தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணைக்கு ஒரே பஸ்தான்.